வைராக்கியம்

மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம் என்று மூன்றைப் பெரியவர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. சுடுகாட்டில் நிற்கும்போது 'இவ்வளவுதானே வாழ்க்கை' என்று தோன்றும். வீட்டுக்கு வந்து குளித்து இலை முன் உட்கார்ந்ததும் அது போய்விடும். வலியெடுக்கும்போது 'இனி வேண்டவே வேண்டாம்' என்று சபதம் செய்தவள் மூன்றாம் வருஷம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவாள். கதை கேட்டுக் கண்ணீர் விட்டவர், மண்டப வாசலில் செருப்பைக் காணோம் என்றதும் சண்டைக்குப் போவார். இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். குளிரிலும் மழையிலும் 21 கிலோமீட்டர் ஓடுகிறவனுடைய வைராக்கியம்.

முதல் மூன்றும் விட்டுவிடுகிற வைராக்கியம். இந்த நான்காவது விடாத வைராக்கியம். ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் பெயராயிற்று என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ராகம் என்றால் பற்று. பற்று நீங்கிய தன்மைதான் வைராக்கியம். அப்படித்தான் வடமொழிக்காரர்கள் அதை வைத்தார்கள். நாமோ, பாகத் தகராறில் தம்பியோடு பத்து வருஷம் பேசாமலிருப்பவனைப் பார்த்து, 'வைராக்கியக்காரனப்பா!' என்கிறோம். பற்றை விடுவதற்கு வந்த சொல், பிடித்த பிடியை விடாததற்குப் பெயராகிவிட்டது. இதைப் பாஷையின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஏன் சொல்லமாட்டேன் என்பதற்கு என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது எனக்குப் பெருமை தருகிற விஷயமல்ல.

கதை எழுதுகிறவனுக்கு உட்கார்ந்திருப்பதே தொழில். நாற்பது வயதில் என் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், 'நடங்கள்' என்றார். நடந்தேன். எங்கள் ஊர் மைதானத்தில் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் தினமும் ஓடிக்கொண்டிருந்தார். அவரோடு பேச்சுத் துணைக்காக ஓட ஆரம்பித்து, அது ஒரு பைத்தியமாகி, இரண்டு வருஷத்தில் அரை மாரத்தான் வரைக்கும் வந்துவிட்டேன். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவன் மாரத்தானிலும் பாதி ஓடுவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

முழு மாரத்தான் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அரை என்றால் 21 கிலோமீட்டர் 97½ மீட்டர். தடகளத்தில் 35 வயதானவுடனேயே மனிதனை 'மாஸ்டர்ஸ்' என்ற வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். தமிழில் மூத்தோர் பிரிவு. ஐந்தைந்து வயதாக வகுப்பு பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே முதல், இரண்டு, மூன்று என்று கணக்கு வைப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் மனித மனசை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். இருபது வயதுப் பையனிடம் தோற்பதில் நமக்கு வருத்தமில்லை. அவனோடு போட்டியே இல்லை என்று ஆகிவிட்டதால், பக்கத்தில் ஓடுகிற நரைத்த தலையின்மேல் நம் கண் போகிறது. 'இவர் நாற்பத்தைந்துக்கு மேலா, கீழா?' என்று மனசு கணக்குப் போடுகிறது. வயசு போனால் ஆசை போகும் என்பார்கள். ஆசைக்கும் வயசுவாரியாக வகுப்பு வைத்துவிட்டால் அது எப்படிப் போகும்?

டிரில் மாஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான். "உடம்பு ஒரு பொய்யன் சார். 'முடியவில்லை' என்று அது முதலில் கெஞ்சும்போது பாதிச் சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கும். அந்தக் கெஞ்சலைக் காதில் வாங்காமல் ஓடப் பழகுங்கள்." பழகினேன். அதில் ஒரு சுகமும் கண்டேன். வாழ்நாள் முழுவதும் உடம்பு சொன்னதையெல்லாம் கேட்டு வந்தவனுக்கு, அதற்கு 'வாயை மூடு' என்று சொல்லக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

இப்படியாகச் சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், உதகமண்டலத்தில் அரை மாரத்தான் ஓடப் போய் நின்றேன். அப்போது எனக்கு 45 முடிந்திருந்தது. ஊர் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற மாதம். விடிந்தும் விடியாத வேளை; 11 டிகிரி என்றார்கள். மழை என்று சொல்ல முடியாதபடி சாரல்; சாரல் என்று தள்ள முடியாதபடி மழை. மெல்லிய பனியனும் அரைக்கால் சட்டையுமாகச் சில நூறு பேர் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் கம்பளிக் குல்லாயும் குடையுமாகப் பால் வாங்கப் போன ஒருவர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பணம் கட்டி மழையில் நனைகிறார்களே என்று அவர் நினைத்திருப்பார். நியாயமான நினைப்புதான்.

என் ஆசை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பது. அதுவரை முடித்ததில்லை. சமவெளியிலேயே முடியாதவன் மலையில் முடிக்க நினைத்தது பேராசை. ஆனால் குளிர் ஓட்டத்துக்கு நல்லது. ஓடுகிற உடம்பு அடுப்பு மாதிரி, அதன் சூட்டைக் குளிர்காற்று எடுத்துக்கொண்டு போனால் அலுப்புக் குறையும். ஓடும்வரை இது உண்மை. அடுப்பில் விறகு குறைந்து, ஓட்டம் நடையாக மாறினால் கதை வேறு. உள்ளே உண்டாகும் சூடு சட்டென்று குறையும். ஈரத் துணியும் காற்றும் திருடுகிற சூடோ குறையாது. மெதுவாக ஓடுகிறவன் இன்னும் அதிக நேரம் வெளியே நிற்க வேண்டியவன் என்பதால் அவனுக்குத்தான் நஷ்டம் அதிகம். வயதான உடம்புக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் சக்தியும் குறைவு. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது: விரல் பொத்தானைப் பிடிக்காது, நாக்குக் குழறும், கால் தள்ளாடும். இவற்றோடு கூடவே புத்தியும் மங்குகிறது. எது ஆபத்து என்று நிதானிக்க வேண்டிய புத்தியையே குளிர் முதலில் தின்ன ஆரம்பிக்கிறது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும், புத்தகத்தில் படித்திருந்தேன்.

பதினேழாவது கிலோமீட்டரில், கேத்திப் பக்கத்து வளைவு ஒன்றில், முன்னால் ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். பல கிலோமீட்டராக எனக்கு முன்னால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதுகுதான் அது. முதுகில் 412 என்று எண். அறுபது தாண்டிய ஆள். இப்போது ஓடவில்லை, நடையும் நேராக இல்லை. சாலையின் வெள்ளைக் கோட்டை விட்டு விலகுவதும் சேருவதுமாக இருந்தார். நெருங்கியபோது கவனித்தேன்: அவர் நடுங்கவில்லை. அந்தக் குளிரில், அவ்வளவு நனைந்து, நடக்கிற மனிதர் நடுங்காமலிருப்பது நல்ல அடையாளமல்ல என்பதும் நான் படித்ததுதான்.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இதே வேகத்தில் போனால் இரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் மிச்சம்.

"என்ன சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன், ஓடிக்கொண்டே.

அவர் பதில் சொல்லவில்லை. கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அல்லது கையை உயர்த்தினார். அதைக் கட்டை விரல் என்று நான் எடுத்துக்கொண்டேன். தாண்டிப் போய்விட்டேன்.

நிற்காமல் கேட்கிற கேள்வி கேள்வியே அல்ல, ரசீது. 'கேட்டாயிற்று' என்று மனசாட்சியிடம் காட்டுவதற்காக வாங்கி வைத்துக்கொள்கிற ரசீது. 'பின்னால் நிறையப் பேர் வருகிறார்கள், யாராவது பார்ப்பார்கள்' என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஒரு மணி 58 நிமிஷம் 40 விநாடியில் முடித்தேன். கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். இதுவரை சொன்னதைக்கூட யாராவது மன்னிக்கலாம். அடுத்ததுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. கயிற்றுக்கு வெளியே ஓர் அம்மாள் கையில் பிளாஸ்க்கும் ஸ்வெட்டருமாக நின்று, வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்: "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா தம்பி? நானூத்திப் பன்னிரண்டு."

"பார்த்தேன் அம்மா. பின்னால் வந்துகொண்டிருக்கிறார்" என்றேன்.

அதில் பொய் ஓர் எழுத்துக்கூட இல்லை. பார்த்தது உண்மை, பின்னால் இருந்தது உண்மை, வந்துகொண்டிருந்ததும் ஒருவகையில் உண்மை. வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவனுக்கு, உண்மைகளைக் கொண்டே ஒரு பொய்யைக் கட்டத் தெரியாதா? அந்த அம்மாள் நிம்மதியோடு சிரித்து, இன்னும் முக்கால் மணி நேரம் அந்தச் சாரலில் நின்றார்.

பெரியவர் பால் வண்டியில் வந்து இறங்கினார், கம்பளியில் சுற்றப்பட்டு. வளைவுக்கு மேலே டீக்கடை வைத்திருந்த ஒரு பெண்பிள்ளை, மனுஷன் தள்ளாடுவதைப் பார்த்துச் சாலைக்கு ஓடி வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஈரப் பனியனைக் கழற்றி அடுப்படியில் உட்காரவைத்திருக்கிறாள். கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் கூடவும் வந்திருந்தாள். நான் அவளிடம் போய், ஏதோ சொல்ல வேண்டும் என்று, "நல்ல காரியம் செய்தாய் அம்மா" என்றேன். என் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்தாள். "எங்க கடையத் தாண்டி அத்தனை பேர் ஓடுனாங்க சார். எல்லாரும் நல்லாத்தான் ஓடுனாங்க" என்றாள். குத்திச் சொன்னாளா, உபசாரத்துக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. உயிர் தெளிந்த பெரியவருக்கு அந்தப் பெண்பிள்ளைமேல் கோபம்! 'இன்னும் நாலு கிலோமீட்டர்தான். நான் முடித்திருப்பேன். என் வகுப்பில் ரெண்டே பேர். இவள் யார் என்னை நிறுத்த?' என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் உள்ளே ஒருவன் உடனே எழுந்து நின்று வாதாடினான்: 'பார்த்தாயா? நீ நின்றிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஒருவருடைய வைராக்கியத்தில் குறுக்கிட உனக்கு என்ன உரிமை?'

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1908-ம் வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் டொராண்டோ பியெட்ரி என்ற இத்தாலியர் மாரத்தானில் முதலாவதாக அரங்கத்துக்குள் நுழைந்து, திசை தப்பி, திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் மனசு கேட்காமல் தூக்கிவிட்டார்கள். கோட்டை முதலில் தாண்டினார். பிறர் கை பட்டதென்று தகுதி இழந்தார். அடுத்த நாள் ராணி இரக்கப்பட்டு ஒரு கோப்பை கொடுத்தார் என்றாலும், தங்கப் பதக்கம் இரண்டாவதாக வந்தவருக்குப் போயிற்று. உதவி சில சமயம் ஒருவன் சம்பாதித்ததைப் பறித்துவிடும். ஆகவே ஓடுகிறவன் கையைத் தட்டிவிடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் யாருடைய விருப்பத்தை நான் மதித்தேனாம்? குடித்தவன் 'நான் நிதானமாக இருக்கிறேன்' என்றால் வண்டிச் சாவியை நாம் அவன் கையில் கொடுப்பதில்லை. குளிரால் மங்கிய புத்தியும் அந்த மாதிரிதான். அந்தக் கட்டை விரலை உயர்த்தியது பெரியவர் அல்ல, குளிர். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவருடைய சுதந்திரத்தை மதித்ததாக நான் சொல்லிக்கொண்டால், அது என் 1:58:40-க்கு நான் போர்த்திய பட்டு.

2021-ம் வருஷம் மே 22-ம் தேதி சீனாவில், கான்சு மாகாணத்தில், 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். நடுவழியில் திடீரென்று ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொள்ள, 21 பேர் குளிரில் இறந்து போனார்கள். அந்த நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவரும் அதில் அடக்கம். மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகையில் தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். அங்கே ஆட்டிடையர், இங்கே டீக்கடைக்காரி. இருவருக்கும் ஓட வேண்டிய தூரம் ஒன்றும் பாக்கியில்லை. விழுகிற மனிதன் அவர்கள் கண்ணுக்கு விழுகிற மனிதனாகவே தெரிந்தான். என் கண்ணுக்கு அவர் ஒரு நிமிஷமாகத் தெரிந்தார்.

அன்றிலிருந்து எனக்குள் உறுத்துகிற கேள்வி இதுதான்: என் உடம்பின் கெஞ்சலைக் கேளாமலிருக்க ஐந்து வருஷமாகப் பழகினேனே, அந்தப் பழக்கம் அடுத்தவன் உடம்பின் கெஞ்சலுக்கும் என் காதை அடைத்துவிட்டதா? தன்னிடம் கொடுமையாக இருக்கப் பழகியவனுக்குக் கொடுமை பழகிவிடுகிறதா? திருவள்ளுவர் தவத்துக்கு வடிவம் சொல்லுமிடத்தில், தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதையும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையும் ஒரே குறளில் சேர்த்துக் கட்டினார். முதலாவது வந்தால் இரண்டாவது தானே வராது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தானே வருமென்றால் சேர்த்துக் கட்டுவானேன்?

விரதங்களை நினைத்துப் பாருங்கள். என் பாட்டி ஏகாதசி தோறும் பட்டினி கிடந்தவள். அன்றைக்குத்தான் வீட்டில் மற்றவர்களுக்கு இரண்டு கறி அதிகம். அவள் பசியில் மற்றவர் பசி அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. எதிர் வீட்டிலும் ஒரு பாட்டி அதே ஏகாதசி இருந்தாள். அன்று அந்த வீட்டு மருமகள் கண்ணில் நீர் வற்றாது. பட்டினி இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஆகவே பட்டினியின்மேல் பழி போட முடியாது. வித்தியாசம் என்னவென்று யோசித்தால் ஒன்று நினைவுக்கு வருகிறது. எதிர் வீட்டுப் பாட்டி, தான் இத்தனையாவது ஏகாதசி இருக்கிறேன் என்று எண்ணிக்கை சொல்வாள். என் பாட்டிக்கு எண்ணிக்கை தெரியாது.

பாஸ்டன் நகரத்து மாரத்தானில் 2018-ம் வருஷம் நடந்ததை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஏப்ரல் 16. கொட்டுகிற மழை, எதிர்க்காற்று, உறைநிலைக்குச் சில டிகிரிதான் மேலே. பேர்பெற்ற பலர் பாதியில் விலகினார்கள். டெஸிரே லிண்டன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கும் அன்றைக்கு உடம்பு சரிப்படவில்லை. 2011-ல் இதே ஓட்டத்தில் இரண்டே விநாடியில் முதலிடத்தை இழந்தவர் அவர். அந்த இரண்டு விநாடியை ஏழு வருஷம் மனசில் சுமந்திருக்கமாட்டாரா? ஆனாலும் ஆரம்பத்திலேயே 'இன்று நம் நாள் அல்ல' என்று முடிவு செய்துவிட்டார். கூட ஓடிய ஷலேன் பிளானகனிடம், 'நான் அநேகமாக விலகிவிடுவேன். காற்றை மறைக்கவோ வேறெதற்கோ உதவி வேண்டுமானால் சொல்' என்கிற அர்த்தத்தில் சொன்னார். பிளானகன் வழியில் கழிப்பறைக்கு ஒதுங்க வேண்டி வந்தபோது, லிண்டன் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரைக் கூட்டத்தோடு மறுபடி சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு பார்த்தால், தாமே முன்வரிசையில் இருந்தார். விலகவில்லை. 2 மணி 39 நிமிஷம் 54 விநாடியில் முதலாவதாக வந்தார். 33 வருஷமாக அமெரிக்கப் பெண் யாரும் ஜெயிக்காத ஓட்டம் அது.

இதை 'பிறருக்கு உதவினால் ஜெயிக்கலாம்' என்ற பால பாடமாக ஆக்கிவிடாதீர்கள். அன்றைக்கு அவர் ஐம்பதாவதாக வந்திருந்தாலும் நான் இதைச் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியவந்திருக்காது, அவ்வளவுதான். என் கவனமெல்லாம் அந்தக் காத்திருந்த கொஞ்ச நேரத்தின்மேல் இருக்கிறது. ஜெயிக்கும் ஆசையை அவர் கீழே போட்டுவிட்ட நேரம் அது. கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பற்று போய், பிடி இருந்தது. அந்தப் பழைய சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் நின்றன. பாஷையின் குற்றமல்ல என்று நான் சொன்னது இதனால்தான்.

எனக்கு அன்று பிடி இருந்தது, பற்றும் போகவில்லை. சொல்லப்போனால் பற்றுதான் பிடியாக இருந்தது. அதைப் போக்கடிக்க வழி தெரிந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. டிரில் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "உடம்பு பொய்யன்னு சொல்லிக் குடுத்தேன். உங்க உடம்பைத்தான் சொன்னேன் சார்" என்றார்.

பெரியவரின் விலாசத்தை விசாரித்து ஒரு கடிதம் எழுதினேன். நான் பார்த்ததையும், நின்றிருக்க வேண்டியதையும், அவருடைய மனைவியிடம் சொன்னதையும் எழுதினேன். பதில் வந்தது. மனைவி சௌக்கியம், தாம் சௌக்கியம், அடுத்த ஆடியில் மறுபடி ஓடப் போவதாகவும், இந்தத் தடவை ஒரு மழைச்சட்டை வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். நான் கேட்ட மன்னிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

நானும் போனேன். கைக்கடிகாரத்தை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் புறப்பட்டேன். வாசல் வரை வந்து, திரும்பிப் போய் எடுத்துக் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் பக்கத்தில் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அன்று வெயில் நன்றாக அடித்தது, ஒருவரும் தள்ளாடவில்லை. டீக்கடை சாத்தியிருந்தது. இரண்டு மணி ஒன்பது நிமிஷம் ஆயிற்று எனக்கு. முகம் பார்த்ததால் ஆன தாமதமா, ஒரு வயசு கூடியதால் ஆன தாமதமா, சொல்லத் தெரியவில்லை. டிரில் மாஸ்டர் வயசுதான் என்கிறார்.